வாத்தியார் காதில் பட்ட கத்தி

அந்த சலூனில் இரண்டு நாற்காலிகள். வாசல் பக்கத்து நாற்காலி சோப்புடையது, உள்பக்கத்து நாற்காலி அவர் மச்சானுடையது. சோப்பு என்பது தெருவே சேர்ந்து வைத்த பெயர். முகத்துக்கு நுரை போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆளுக்கு சோப்புப் போடுவதில் சுத்தமாகக் கிடையாது. முன்மண்டை முழுக்கக் காலியானவரைப் பார்த்து, "என்ன சார், இந்தத் தடவை அடர்த்தியா வளர்ந்திருக்கே" என்பார். அவரும் ஒரு நிமிஷம் நம்பி, கண்ணாடியில் பக்கவாட்டாகத் திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

மச்சான் வேறு ரகம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல மூடியே வைத்திருப்பார். சோப்புடைய மனைவிக்கு அண்ணன். கடை இருவருக்கும் பொது. வாடகைச் சீட்டிலும் இருவர் பெயரும் உண்டு. பேச்சு வேண்டுமானால் வாசல் நாற்காலி, சவரம் வேண்டுமானால் உள் நாற்காலி என்று வாடிக்கைக்காரர்கள் சொல்வார்கள். வேடிக்கையாகத்தான் சொல்வார்கள். சோப்பும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் கத்தி பிடிப்பதில் மச்சான் தன்னைவிட ஒரு படி மேல் என்பது அவர் நெஞ்சில் முள்ளாக இருந்தது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

கூட்டமான நாட்களில் அவர்களுக்கென்று ஒரு முறை இருந்தது. முதல் சவரத்தை ஒருவர் செய்வார், முடியின் போக்குக்கு எதிராக இழுக்கும் எதிர்ச் சவரத்தை மற்றவர் செய்வார். கண்ணை மூடிச் சாய்ந்திருப்பவருக்குக் கை மாறியதே தெரியாது. தெரியாமல் மாற்றுவதில் இருவருக்குமே ஒரு பெருமை. கணக்கு வாத்தியார் வந்த அன்றும் அப்படித்தான் நடந்தது. மச்சான் முதல் சவரத்தை முடித்துவிட்டு வெந்நீர் எடுக்கப் பின்பக்கம் போனார். சோப்பு கத்தியை வாங்கிக்கொண்டார். வாங்கினவர் கத்தியைப் பார்த்திருக்க வேண்டும். பெஞ்சில் காத்திருந்தவர்களுக்கு அவர் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். கதையில் சிரிப்பு வரும் இடம். எல்லாரும் சிரிக்கிறார்களா என்று கண்ணாடியில் பார்த்தார். சிரித்தார்கள். கத்தி வாத்தியாரின் காது மடலில் இறங்கியது.

பெரிய வெட்டு இல்லை. ஆனால் காது மடல் பொல்லாதது, லேசாகக் கீறினாலும் நிற்காமல் ஒழுகும். வாத்தியார் அரைத்தூக்கத்தில் "ம்" என்றார். சோப்பு படிகாரக் கட்டியை வைத்து அழுத்தி, துண்டை எடுத்து முகத்தை மூடிவிட்டு, கத்தியைக் கழுவப் போய்விட்டார். வந்து சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். அதற்குள் மச்சான் வெந்நீரோடு திரும்பி வந்து துண்டை விலக்கினார். துண்டெல்லாம் ரத்தம். எரிச்சலில் கண்ணைத் திறந்த வாத்தியார் முதலில் பார்த்தது மச்சானின் முகத்தை.

"நீ இந்தப் பக்கம் வந்தியா மாப்ளே?" என்று மச்சான் கேட்டார். சந்தேகமாகக்கூட இல்லை, சும்மா கேட்டார்.

"நான் தாடையோட நிறுத்திட்டேன் மச்சான்" என்றார் சோப்பு.

மச்சான் தன் வலது கையை ஒரு தடவை பார்த்தார். "அப்ப என் கைதான். மன்னிச்சிடுங்க சார்" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு டீயோடு போயிருக்கும். அடுத்த வாரம் சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். நாள் ஏற ஏற சோப்புக்கு வாய் கூசியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்று யார் சொன்னது? சோற்றைக் கிளறிப் பார்க்க யாரும் இல்லையென்றால் எத்தனை பூசணிக்காயை வேண்டுமானாலும் மறைக்கலாம். மச்சான் கிளறவில்லை. கத்தி எடுப்பதை நிறுத்திவிட்டார். கொஞ்ச காலம் கத்தரி மட்டும் பிடித்தார். பிறகு பின்கழுத்தில் மிஷின் வைக்கவும் பயந்தார். "அவருக்குக் கை ஆடுதாமே" என்று தெருவில் பேச்சு வந்தது. உள் நாற்காலி காலியாக இருக்கும்போதே வாசல் நாற்காலிக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். சோப்புக்கு அது பிடித்திருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், ரொம்பவே பிடித்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை வாய்க்காக இல்லாமல் கைக்காகத் தேடி வந்தார்கள். ராத்திரி படுக்கையில் மட்டும் அந்தத் துண்டு கண்ணுக்கு முன்னால் வரும். அவர் புரண்டு படுத்துக்கொள்வார்.

காலி நாற்காலியில் வேறு ஒரு கைதேர்ந்த ஆளைப் போடலாம் என்ற ஆசை வந்ததும் மச்சானை விலகச் சொன்னார். எதற்கும் சரி என்கிற மனுஷன் இதற்கு மட்டும் மாட்டேன் என்றார். "வேலை செய்யாட்டியும் ஓரமா உட்கார்ந்திருக்கேன் மாப்ளே. வீட்ல இருந்து என்ன பண்ண?" என்றார். சோப்பு வக்கீலிடம் போனார். கூட்டை முறித்துக் கடையைத் தனக்கே தரச் சொல்லி வழக்கு. வக்கீல் பிராதில் ஒரு வரி எழுதியிருந்தார்: பிரதிவாதி கைநடுக்கம் காரணமாகத் தொழிலுக்குத் தகுதியற்றவர். "இந்த ஒண்ணு போதும்" என்று வக்கீல் விரலால் தட்டிக் காட்டினார். சோப்பு அந்த வரியைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அண்ணன் வீட்டுக்கு நோட்டீஸ் போனது தெரிந்ததும் மனைவி, "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதும்பாங்க. என் அண்ணன் வீட்டுக்கு நீங்களே அனுப்பிட்டீங்க" என்றாள். அதற்குப் பிறகு அவரிடம் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதைத் தவிர வேறு பேச்சில்லை.

வழக்கு வந்தது ஒரு நீதிபதி அம்மாவிடம். சாட்சி, விசாரணை என்று தொடங்குவதற்கு முன்னால் அவர் ஃபைலை மூடி வைத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் பார்த்தார். "மச்சானும் மாப்பிள்ளையும் கூண்டுல ஏறி ஒருத்தரை ஒருத்தர் பேசிட்டா, அப்புறம் ஒரு வீட்டு வாசலையும் மிதிக்க முடியாது. நானே உட்கார்ந்து பேசிப் பார்க்கிறேன், சம்மதமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

பேச்சு நடந்த அறை கோர்ட் ஹாலுக்குப் பக்கத்தில் இருந்தது. வட்ட மேஜை, ஒரு காலுக்குக் கீழே அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்ட். நீதிபதி அம்மா கறுப்பு அங்கியைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டு வந்து, மற்றவர்கள் உட்கார்ந்த அதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றி ஊற்றிக் குடித்துக்கொண்டே பேசினார்.

"இந்த அறையில நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். பேச்சு ஒத்துவரலைன்னா கேஸ் வேற நீதிபதிகிட்டப் போயிடும், நான் தொட மாட்டேன். அதனால என்கிட்ட ஜெயிக்கணும்னு யாரும் பேச வேண்டாம். முதல்ல சேர்ந்து பேசுவோம். அப்புறம் ஒவ்வொருத்தரையும் தனியாப் பார்ப்பேன். தனியாச் சொல்றதை, நீங்க சரின்னு சொன்னாத்தான் அந்தப் பக்கம் கொண்டு போவேன். இல்லைன்னா அது என்னோட போச்சு."

ஜெயிக்க முடியாத இடத்தில் யாருக்கு சோப்புப் போடுவது என்று சோப்புக்குத் தெரியவில்லை. இருந்தாலும் பேசினார். மச்சான் தங்கமான மனுஷன் என்றார், வயசாகிவிட்டது என்றார், வாடிக்கைக்காரர்கள் கழுத்தும் ஒரு பொறுப்புத்தானே என்றார். மச்சான் எதிரே இரண்டு கைகளையும் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவரோரமாக அவர் தங்கை, அதாவது சோப்புடைய மனைவி. அவள் அண்ணனோடுதான் பஸ் ஏறி வந்திருந்தாள்.

நீதிபதி அம்மா மச்சானைக் கேட்டார். "கை ஆடுதுன்னு எப்ப தெரிஞ்சுது?"

"வாத்தியார் காதுல கத்தி பட்டுதும்மா. அதுக்கு முன்னாடி எனக்கு எதுவும் தெரியல. அதுக்கப்புறம் கையைப் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்."

"வீட்ல எப்படி இருக்கு?"

"பேத்தி பொறந்திருக்காம்மா. இன்னும் தூக்கல."

"ஏன்?"

"கைதான்" என்றார்.

சோப்பு தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குழந்தையைப் பார்க்கப் போன அன்று மச்சான் எட்டியே நின்றது அவருக்கு ஞாபகம் இருந்தது. அன்று, "என்ன மச்சான், தாத்தாவுக்கு வெட்கமா?" என்று கேலி செய்து எல்லாரையும் சிரிக்க வைத்தவர் அவர்தான்.

தனியாகப் பேச முதலில் சோப்பைக் கூப்பிட்டார்கள். அவருடைய வக்கீல் வேறு கோர்ட்டில் கூப்பிட்டார்கள் என்று அங்கே ஓடியிருந்தார். நீதிபதி அம்மா எதையும் சுற்றி வளைக்கவில்லை.

"அன்னைக்கு நீங்க கடையில இருந்தீங்களா?"

"இருந்தேம்மா."

"எங்க நின்னீங்க?"

இதை அதுவரை யாரும் கேட்டதில்லை. மச்சான் கேட்கவில்லை, மனைவி கேட்கவில்லை, பிராது எழுதிய வக்கீலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆயிரம் பதில் தயாராக இருந்திருக்கும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று வளர்ந்தவர். அன்று மட்டும் அந்த வாய் அவருக்கு உதவவில்லை.

"நாற்காலி பக்கத்துலதாம்மா. கத்தி என் கையில இருந்துச்சு" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கதை, கண்ணாடி, படிகாரம், துண்டு, தாடையோடு நிறுத்திவிட்டேன் என்றது. சொல்லி முடித்ததும் பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தார். இறங்கவில்லை. இத்தனை நாள் தனக்குள் கிடந்தது இப்போது இன்னொருவர் முகத்தில் தெரிந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

நீதிபதி அம்மா திட்டவில்லை. "இதை நான் அந்தப் பக்கம் கொண்டு போகலாமா?" என்று மட்டும் கேட்டார்.

"வேண்டாம்மா" என்றார் சோப்பு. "தெரிஞ்சா என் வீட்டுக்காரி என்னோட வாழ மாட்டாம்மா."

"நீங்க வேண்டாம்னா நான் வாயைத் திறக்க முடியாது. ஆனா நான் கேட்டது கேட்டதுதான். போய் உங்க மச்சானை அனுப்புங்க."

வராந்தாவில் ஒரே பெஞ்சு. மச்சான் எழுந்து உள்ளே போக, அந்த இடத்தில் சோப்பு உட்கார்ந்தார். பக்கத்தில் மனைவி. பல நாட்களுக்குப் பிறகு அவளாகப் பேசினாள்.

"அண்ணன் எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிடும். நான்தான் விட்டுக்கொடுத்துடுன்னு சொன்னேன்."

"நீயா?"

"அந்தக் கடையில உட்கார்ந்து தன் கையையே பார்த்துட்டு இருக்கு. பார்க்க முடியல. வீட்லயாவது இருக்கட்டும்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். சோப்புக்குக் குறுகுறுப்பெல்லாம் தாண்டிப் போயிருந்தது. எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கேட்டதெல்லாம் கிடைக்கப் போகிறது, யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. சந்தோஷப்பட வேண்டிய மனுஷன் அழாத குறையாக நின்றார்.

மறுபடி எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார்கள். வக்கீலும் திரும்பி வந்துவிட்டார். மச்சான் கடையை விட்டு விலகுவதாக ஒரு தாளில் அடித்திருந்தது. பதிவு செய்வதற்கு முன்னால் கேட்க வேண்டியதை நீதிபதி அம்மா கேட்டார்.

"எல்லா விஷயமும் தெரிஞ்சு, யார் கட்டாயமும் இல்லாம, மனசார சம்மதிக்கிறீங்களா?"

"ஆமாம்மா" என்றார் மச்சான்.

நீதிபதி அம்மா சோப்பு பக்கம் திரும்பினார். "நீங்க?"

"சம்மதம்மா." குரல் அவருக்கே கேட்கவில்லை.

நீதிபதி அம்மா பேனாவை மூடினார். "இதை நான் பதிவு பண்ணப் போறதில்ல. சமரசம் ஆகலைன்னு எழுதி ஃபைலை வேற கோர்ட்டுக்கு அனுப்பிடறேன்."

வக்கீல் பதறினார். "ரெண்டு பக்கமும் சம்மதிச்சாச்சேம்மா. என்ன குறைன்னு சொன்னா சரி பண்ணிடலாம்."

"காரணம் சொல்ல எனக்கு உரிமை இல்ல, வக்கீல் சார்."

மச்சான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். முகமெல்லாம் பயம். "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனாம்மா? என்னாலதான் நின்னுடுச்சா? இன்னும் எதை விடணும்னு சொல்லுங்க, விட்டுடறேன்."

சோப்பு எவ்வளவோ தாங்கியிருந்தார். இதைத் தாங்க முடியவில்லை. அன்றைக்குத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்ட அதே முகம். அன்றைக்கும் இவர் செய்ததற்கு அவர் கேட்டார், இன்றைக்கும் அவர்தான் கேட்கிறார்.

"நான் தாடையோட நிறுத்தல மச்சான்" என்றார். "காது வரைக்கும் வந்தேன். வெட்டினது நான்."

வக்கீல் தன் தாள்களைக் குனிந்து அடுக்கத் தொடங்கினார். மனைவி உட்கார்ந்திருந்த சுவர்ப் பக்கம் சோப்பு திரும்பவில்லை. மச்சான் திரும்ப உட்கார்ந்தார். மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து, அந்த ஒப்பந்தத் தாளின் மேல் விரித்து வைத்தார். தாள் சலசலத்தது.

"அப்ப, அன்னைக்கு இது ஆடலையா?"

"இல்ல மச்சான். உங்க கை நல்லாத்தான் இருந்துச்சு."

"இப்ப ஆடுதே மாப்ளே" என்றார் மச்சான்.

கோபமாகச் சொல்லவில்லை. தெரியாமல் கேட்பதுபோலத்தான் சொன்னார். நீதிபதி அம்மா ஒரு டம்ளரில் வெந்நீர் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார். முழுதாக ஊற்றாமல் பாதிதான் ஊற்றினார்.

அன்று சாயங்காலத்துக்குள் வழக்கு முடிந்துவிட்டது. சோப்பு பிராதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், கடை பழையபடி இருவருக்கும் பொது. வேறு ஏதாவது வேண்டுமா என்று நீதிபதி அம்மா கேட்டபோது, "வாத்தியார்கிட்ட சொல்லணும்" என்றார் மச்சான்.

"அதை இதுல எழுத மாட்டேன். இங்க பேசினதை நானோ வக்கீலோ வெளியே சொல்லக் கூடாது. ஆனா அவர் செஞ்சதை அவர் வாயால சொல்றதை எந்த விதியும் தடுக்காது" என்றார் நீதிபதி அம்மா. சோப்பு தலையாட்டினார்.

மனைவி அண்ணனோடே பஸ் ஏறிப் போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து வந்தாள். "பிள்ளைங்களுக்காக வந்தேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கணக்கு வாத்தியார் வந்து வழக்கம்போல வாசல் நாற்காலியில் சாய்ந்தார். பெஞ்சு நிறைய ஆட்கள். உள் நாற்காலிக்குப் பக்கத்தில் மச்சான் சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு கன்னம் முடிந்ததும் சோப்பு கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். பெஞ்சுக்கும் கேட்கும்படிதான் சொன்னார். கதை சொல்லிப் பழகிய குரல் அன்று ரெண்டு இடத்தில் உடைந்தது.

வாத்தியார் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அப்ப இத்தனை நாளா உன்கிட்டயா கழுத்தை நீட்டிட்டு இருந்தேன்?" என்றார். எழுந்து உள் நாற்காலிப் பக்கம் இரண்டு அடி வைத்தார்.

"இப்ப நிஜமாவே கை ஆடுது சார்" என்றார் மச்சான்.

வாத்தியார் இந்த நாற்காலியைப் பார்த்தார், அந்த நாற்காலியைப் பார்த்தார். எந்தக் கணக்கும் ஒத்துவரவில்லை போலிருக்கிறது. தானே துண்டை எடுத்து நுரையைத் துடைத்துக்கொண்டு, ஒரு பக்கம் வழவழவென்றும் ஒரு பக்கம் முள்ளுமாகத் தெருவில் இறங்கி நடந்தார். பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பாதிப் பேர் எழுந்து போனார்கள்.

கடை படுத்துவிடவில்லை. மனுஷனுக்கு முடி வளர்ந்துகொண்டேதானே இருக்கிறது, போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். வாசல் நாற்காலியில் இப்போது பேச்சுக் குறைவு. உள் நாற்காலியில் மச்சான் மெதுவாக முடி வெட்டுகிறார், அவசரமில்லாதவர்கள் மட்டும் உட்காருகிறார்கள். பேத்தியைத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டு மடியில் வாங்கிக்கொள்கிறார். நின்றபடி இன்னும் தூக்கவில்லை.

கத்தியை மட்டும் அவர் யார் முகத்திலும் வைப்பதில்லை. அதனால் தினமும் காலையில் கடை திறந்ததும், ஆட்கள் வருவதற்கு முன்னால், சோப்பு போய் உள் நாற்காலியில் உட்காருகிறார். தானே துணியைக் கட்டிக்கொள்கிறார், தானே நுரை போட்டுக்கொள்கிறார், கழுத்தைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். மச்சான் கத்தியை எடுத்துக்கொண்டு அருகில் வருவார். அவர் மூச்சு கன்னத்தில் படும். பிறகு கத்தியை வைத்துவிடுவார். சோப்பு எழுந்து கண்ணாடி முன்னால் நின்று தானே சவரம் செய்துகொள்வார்.

ஒரு நாள் சோப்பு கண்ணைத் திறக்காமலே சொன்னார். "தைரியமா வைங்க மச்சான். முதல்ல என் கழுத்துல பழகுங்க. பட்டாலும் பரவாயில்ல."

"பட்டா நீ சொல்ல மாட்டியே மாப்ளே" என்றார் மச்சான். கத்தியைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார்.